கிறிஸ்துமஸுக்கு மறுநாள், மன்கேட்டோவில்

"பண்டிகை சமயத்தில் எதற்கு அந்தப் பேச்சு?" என்று கேட்டார் என்னோடு வேலை பார்க்கும் பெரியவர். கோபமாகக் கேட்கவில்லை, அவர் கோபப்படுகிற ஆளும் இல்லை. அவருடைய முன்னோர் ஒருவர் நார்வேயிலிருந்து கப்பலேறி வந்து அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தின் மேற்குப் பகுதியில் 160 ஏக்கர் நிலம் பிடித்தவர். ஒவ்வொரு டிசம்பரிலும் இவர் ஒரு திறந்தவெளி அருங்காட்சியகத்தில், பழைய மாதிரிக் கம்பளிக் கோட்டும் தொப்பியுமாக நின்று, எல்லைப்புறத்துக் குடியேறிகள் கிறிஸ்துமஸ் கொண்டாடிய விதத்தை வருகிறவர்களுக்குச் செய்து காட்டுவார். சம்பளம் கிடையாது, ஆசைக்காகச் செய்வது. நான் கேட்டது இதுதான்: அந்த மரவீட்டு வாசலில் 1860-கள் என்று எழுதியிருக்கிறது. அந்தப் பத்தாண்டில் இந்த மாநிலம் மறக்கக் கூடாத கிறிஸ்துமஸ் 1862-இல் வந்தது. அதற்கு மறுநாள் இங்குள்ள மன்கேட்டோ ஊரில் டகோட்டாப் பழங்குடியினர் 38 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். மன்கேட்டோவைப் பற்றி அங்கே ஒரு வரியாவது சொல்வீர்களா? அதற்குத்தான் அவர் அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்டார்.

அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. பிள்ளைகளோடு வருகிறவர்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தையும் இஞ்சி ரொட்டியையும் தேடி வருகிறார்கள், தூக்குமேடையை அல்ல. ஆனாலும் எனக்கு அது அடங்கவில்லை. கடைக்குப் போனாலும் பனி தள்ளினாலும் அதே கேள்வி உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. பண்டிகை சமயத்தில் அதைப் பேச வேண்டும், ஏனென்றால் அது பண்டிகை சமயத்தில் செய்யப்பட்டது. அந்த மரவீடுகளின் கிறிஸ்துமஸும் அந்த மேடையும் ஒரே வாரத்தின், ஒரே ஆற்றங்கரையின் கதை.

முதலில் அந்தப் பழைய வழக்கங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவற்றை மிகவும் பிடிக்கும். நார்வே, ஸ்வீடன் நாட்டுக் குடும்பங்கள் அறுவடையின்போதே நல்ல கதிர்க்கட்டு ஒன்றை ஒதுக்கி வைத்திருந்து, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒரு கம்பத்தின் உச்சியில் கட்டிவிடுவார்கள். பறவைகளும் பண்டிகைச் சாப்பாடு சாப்பிட வேண்டும் என்பது கணக்கு. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் யூலெபுக் என்ற ஒரு விளையாட்டு உண்டு. முகமூடி மாட்டி, ஆண்கள் பெண் உடையிலும் பெண்கள் ஆண் உடையிலுமாக, குரலை மாற்றிக்கொண்டு பக்கத்துப் பண்ணைகளுக்குப் போவார்கள். வந்திருப்பது யாரென்று வீட்டுக்காரர்கள் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததும் முகமூடியைக் கழற்றி, தின்னக் குடிக்கக் கொடுத்து, பல நேரம் அந்த வீட்டிலிருந்தும் யாராவது சேர்ந்துகொண்டு அடுத்த பண்ணைக்குப் புறப்படுவார்கள். மைல் கணக்கில் ஆளில்லாத சமவெளியில், இருட்டும் குளிரும் ஆளைத் தின்கிற மாதத்தில், மனிதர்களுக்கு மனிதர்களைப் பார்க்க இதைவிட நல்ல சாக்கு எது?

ஜெர்மானியர்கள் கிறிஸ்துமஸ் மரத்தைக் கொண்டுவந்தார்கள். கிளைகளில் உண்மையான மெழுகுவர்த்தியைப் பொருத்தி ஏற்றுவதால் பக்கத்திலேயே ஒரு வாளித் தண்ணீர் இருக்கும். ஊசியிலை மரம் எளிதில் கிடைக்காத நெப்ராஸ்கா, டகோட்டாச் சமவெளிகளில் கிடைத்த மொட்டைக் கிளையில் பச்சைத் தாளைச் சுற்றி மரமாக்கியவர்கள் உண்டு. சோளப்பொரியையும் கிரான்பெரிப் பழங்களையும் நூலில் கோத்து மாலையாகப் போடுவார்கள். ரயில் வந்த பிறகு காலுறைக்குள் ஓர் ஆரஞ்சுப் பழம் இருந்தால் அந்தப் பிள்ளைக்கு அது அந்த ஆண்டின் பெரிய சம்பவம். லூட்டஃபிஸ்க் இன்றைக்கும் மினசோட்டாவின் லூத்தரன் தேவாலயங்களில் டிசம்பர்தோறும் பரிமாறப்படுகிறது. நம்மூர்க் கருவாடு போல விறைக்கக் காய்ந்த காட் மீனைக் காரநீரில் (மிளகாய்க் காரமல்ல, சோடாக் காரம்) ஊறப்போட்டு, பிறகு பல நாள் நல்ல தண்ணீர் மாற்றி மாற்றி அலசி, வழவழவென்று ஆன பின் வேகவைத்து, உருக்கிய வெண்ணெய் ஊற்றித் தருவார்கள். உருளைக்கிழங்கு மாவில் மெல்லியதாகத் தேய்த்து வட்டக் கல்லில் சுடும் லெஃப்சா கூடவே வரும். இவற்றையெல்லாம் செய்து காட்டுகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. கையால் செய்கிற பழக்கம் ஒருமுறை விட்டுப்போனால் திரும்ப வராது.

அந்தப் பத்து நாட்கள்

1862 டிசம்பர் 25-லிருந்து 1863 ஜனவரி 3 வரைக்குமான பத்து நாட்களை வரிசையாகப் பார்த்தால், இன்றைய அமெரிக்கா அந்தப் பத்து நாட்களுக்குள் உருண்டு திரண்டு வந்ததோ என்று தோன்றும். டிசம்பர் 26, வெள்ளிக்கிழமை, மினசோட்டாவின் மன்கேட்டோ ஊரில் டகோட்டா இனத்தவர் 38 பேர் ஒரே மேடையில், ஒரே நொடியில் தூக்கிலிடப்பட்டார்கள். அமெரிக்க வரலாற்றில் ஒரே நாளில் நிறைவேற்றப்பட்ட மிகப்பெரிய மரண தண்டனை அதுதான். டிசம்பர் 31 இரவு, வடக்கிலும் தெற்கிலும் கறுப்பின மக்கள் தேவாலயங்களில் கூடி புத்தாண்டு பிறக்கக் காத்திருந்தார்கள். நம்மூர்க் கிறிஸ்தவர்களும் வாட்ச் நைட் என்று சொல்லும் அந்த ஆண்டிறுதி வழிபாடு கறுப்பினத் தேவாலயங்களில் அன்று முதல் விடுதலையின் இரவாகிவிட்டது. ஏனென்றால் மறுநாள், ஜனவரி 1 அன்று, அடிமை விடுதலைப் பிரகடனத்தில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். புத்தாண்டு வரவேற்பில் மணிக்கணக்காக ஆயிரக்கணக்கானோருக்குக் கைகொடுத்துவிட்டு வந்ததில் அவர் கை நடுங்கியது. கையெழுத்து நடுங்கினால் தயங்கினான் என்பார்களே என்று கவலைப்பட்டு, நிதானமாகப் போட்டார்.

அதே ஜனவரி 1 அன்று ஹோம்ஸ்டெட் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஐந்து ஆண்டு தங்கிப் பயிர் செய்தால் 160 ஏக்கர் உனக்கு என்ற அந்தச் சட்டத்தின்படி முதல் ஆட்களில் ஒருவராகப் பதிவு செய்தவர் டேனியல் ஃப்ரீமன். நெப்ராஸ்காவின் பிரவுன்வில் ஊரில் புத்தாண்டு விருந்து நடந்துகொண்டிருந்தபோது, விடிந்ததும் தான் படைக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லி, நள்ளிரவு தாண்டியதுமே நில அலுவலகத்தைத் திறக்க வைத்தார் என்பது அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதை. பேட்ரிஸ் ஊருக்கு அருகில் அவர் பிடித்த நிலம் இன்று ஒரு தேசிய வரலாற்றுப் பூங்கா. அந்தச் சட்டத்தின் வழியாகப் பின்னால் 27 கோடி ஏக்கர் கைமாறியது, நாட்டின் நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு.

அப்புறம், ஜனவரி 3 தேதியிட்ட ஹார்ப்பர்ஸ் வீக்லி. அந்த இதழின் அட்டையில்தான் தாமஸ் நாஸ்ட் தன் முதல் சான்டா கிளாஸை வரைந்தார். இன்று உலகம் முழுக்கத் தெரிந்த தாடிக்காரத் தாத்தாவின் முன்னோடி அந்தச் சான்டாதான். அந்தப் படத்தில் நட்சத்திரமும் கோடும் போட்ட உடையில், அப்போது நடந்த உள்நாட்டுப் போரில் தெற்கை எதிர்த்துப் போரிட்ட ஒன்றியப் படை முகாமுக்கு வந்து வீரர்களுக்குப் பரிசு கொடுக்கிறார். கையில் ஆட்டிக் காட்டுவது ஒரு பொம்மை. அது தெற்கத்தியத் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸின் பொம்மை, அதன் கழுத்தில் கயிறு. மன்கேட்டோவை மனதில் வைத்து நாஸ்ட் அதை வரையவில்லை. ஆனால் அந்த வாரத்து அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் வேடிக்கையும் தூக்குக் கயிறும் ஒரே படத்தில் இருப்பது யாருக்கும் உறுத்தவில்லை. அந்தப் படத்தை முதன்முறை பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஆகஸ்டில் தொடங்கியது

38 பேர் ஏன் தூக்கிலிடப்பட்டார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை இரண்டு பக்கமும் பாதி பாதியாகச் சொல்கிற வழக்கம் இருக்கிறது. 1851-இல் போடப்பட்ட ஒப்பந்தங்களில் டகோட்டா மக்கள் தெற்கு மினசோட்டாவின் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டு, மினசோட்டா ஆற்றை ஒட்டிய ஒரு நீளப்பட்டைக்குள் ஒதுங்கினார்கள். 1858-இல் ஆற்றுக்கு வடக்கே இருந்த பாதியும் போனது. விலையாகத் தருவதாகச் சொன்ன பணத்தில் பெரும் தொகை பழைய கடன் என்ற கணக்கில் வியாபாரிகள் கைக்குப் போனது. 1861-இல் விளைச்சல் கெட்டது. 1862 கோடையில் வரவேண்டிய ஆண்டுப் பணம், உள்நாட்டுப் போரின் நடுவே, வரவில்லை. கிடங்கில் தானியம் இருந்தது, கடனுக்குக் கொடுக்கமாட்டோம் என்றார்கள். பசித்தால் புல்லைத் தின்னட்டும் என்று ஆண்ட்ரூ மைரிக் என்ற வியாபாரி சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. ஆகஸ்ட் 18 அன்று லிட்டில் குரோ என்ற டகோட்டாத் தலைவரின் தலைமையில் தாக்குதல் தொடங்கியது. முதல் நாளே செத்தவர்களில் மைரிக்கும் ஒருவர், அவர் வாயில் புல் திணிக்கப்பட்டிருந்தது. வரவேண்டிய 71,000 டாலர் தங்கம் ரிஜ்லி கோட்டைக்கு வந்து சேர்ந்ததும் அதே நாளில்தான்.

அடுத்த சில வாரங்களில் நூற்றுக்கணக்கான குடியேறிகள் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் ஆயுதமில்லாத பண்ணைக் குடும்பங்கள், கைக்குழந்தைகள் உட்பட. இதைச் சொல்லாமல் மன்கேட்டோவைப் பற்றிப் பேசுவது எனக்கு ஒப்பாது. நியூ உல்ம் என்ற ஜெர்மானிய ஊர் இரண்டு முறை தாக்கப்பட்டு, பெரும்பகுதி எரிந்தது. ஆயிரக்கணக்கானோர் பண்ணைகளை விட்டுக் கிழக்கே ஓடினார்கள். ஆகவே 1862 கிறிஸ்துமஸுக்கு அந்த ஆற்றங்கரையில் விளக்கெரிந்த மரவீடுகள் மிகக் குறைவு. அருங்காட்சியகத்தில் நாம் பார்க்கும் அந்த அடுப்பு, அந்த மரம், அந்தத் தொட்டில் எல்லாம் அந்த ஆண்டில் அகதிகள் விட்டுவந்த சாமான்களாக இருந்திருக்கும்.

செப்டம்பர் கடைசியில் சண்டை ஓய்ந்தது. சரணடைந்தால் குற்றமற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்ற படைத் தலைவர் ஹென்றி சிப்லியின் வாக்கை நம்பி வந்தவர்கள் பலர். ராணுவ விசாரணைக் குழு 392 பேரை விசாரித்து 303 பேருக்கு மரண தண்டனை கொடுத்தது. கைதிகளுக்கு வழக்கறிஞர் இல்லை. சில விசாரணைகள் ஐந்து நிமிடம்கூட ஓடவில்லை. லிங்கன் அந்த ஆவணங்களை வரவழைத்து, போரில் கலந்துகொண்டவர்களையும் பொதுமக்களைக் கொன்றவர்களையும் பிரித்துப் பார்க்கச் சொல்லி, கடைசியில் 39 பேரின் பெயரைத் தன் கையால் எழுதினார். டகோட்டாப் பெயர்களை எழுத்தெழுத்தாக, வழக்கு எண்ணோடு. அதில் ஒருவருக்குக் கடைசி நேரத்தில் நிறுத்தம் கிடைத்தது. முந்நூறைக் குறைத்தார் என்று அவரைப் புகழ்கிறவர்களும் உண்டு, முப்பத்தெட்டை அனுமதித்தார் என்று வைகிறவர்களும் உண்டு. ஐந்து நிமிட விசாரணையின் காகிதத்தை எவ்வளவு கவனமாகப் படித்தாலும் அதிலிருந்து நியாயம் வராது என்பதுதான் என் எண்ணம். முதலில் குறித்த தேதி டிசம்பர் 19. ஏற்பாடுகளுக்கு நேரம் போதவில்லை என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டார்கள். தள்ளிப்போட்ட நாள் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பது அதிகாரிகளுக்கு ஒரு தடையாகத் தோன்றியதாக எந்தக் குறிப்பும் நான் படித்ததில் இல்லை.

சிறைக்குள் ஒரு கிறிஸ்துமஸ்

என்னைப் பிடித்து நிறுத்தியது டிசம்பர் 25 பற்றிய குறிப்புகள்தான். மன்கேட்டோ சிறையில் தூக்குக்கு ஒதுக்கப்பட்டவர்களைத் தனியே வைத்திருந்தார்கள். புதன்கிழமை, அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், ஒவ்வொருவரும் பெரிய சிறையில் இருந்த உறவினர்களில் இரண்டு மூன்று பேரை வரவழைத்து விடைபெற்றுக்கொள்ள அனுமதிக்கப்பட்டார்கள். மறுநாள், கைதிகளுக்குச் சமைப்பதற்காகக் கூடவே கொண்டுவரப்பட்டிருந்த டகோட்டாப் பெண்கள் உள்ளே விடப்பட்டார்கள். அவர்கள் எல்லோருக்கும் அந்த 38 பேரில் யாராவது ஒருவர் சொந்தம். முடிக்கற்றைகளும் போர்வைகளும் சொல்லியனுப்பும் செய்திகளும் கைமாறின. கிறிஸ்துமஸ் அன்று குடும்பம் கூடுவது என்பது அந்த ஆற்றங்கரையில் அந்த ஆண்டு இப்படித்தான் நடந்தது. ரதாயின்யங்கா என்பவர் தன் மாமனார் வாபாஷாவுக்கு ஒரு கடிதம் சொல்லி எழுதச் சொன்னார். வெள்ளையரிடம் சரணடைந்தால் குற்றமற்றவனுக்குக் கேடு வராது என்று நீங்கள் சொன்னதைக் கேட்டு வந்தேன், நான் யாரையும் கொல்லவில்லை, என் மனைவியையும் பிள்ளைகளையும் உங்களிடம் விடுகிறேன் என்ற பொருளில் போகும் அந்தக் கடிதத்தை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. நாலு பக்கமும் அடுக்கிக் கட்டிய சதுர மேடை. சுற்றிலும் படைவீரர்கள், அவர்களுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான கூட்டம். முகத்தை மூடிய பிறகு அவர்கள் பாடினார்கள், பக்கத்தில் நின்றவரின் கையைத் துழாவிப் பிடித்தார்கள், தங்கள் பெயரையும் நண்பர்களின் பெயரையும் கூவினார்கள். கயிற்றை வெட்டியவர் வில்லியம் டூலி. ஆகஸ்டில் அவருடைய பிள்ளைகள் கொல்லப்பட்டிருந்தார்கள், மனைவி பிடித்துச் செல்லப்பட்டிருந்தார். தூக்கிலிடப்பட்டவர்களில் ஒருவர் சாஸ்கா. சாரா வேக்ஃபீல்ட் என்ற வெள்ளைப் பெண்ணையும் அவர் குழந்தைகளையும் போர் முழுக்கக் காப்பாற்றியவர். லிங்கனின் பட்டியலில் அவர் இல்லை. டகோட்டாக் குடும்பங்களில் மூத்த மகனுக்கு இடும் பெயர் அது, ஆகவே சிறைக்குள் அந்தப் பெயரில் பலர். பெயரில் நேர்ந்த குழப்பம் என்று அதிகாரிகள் பின்னால் சொன்னார்கள். சாரா வேக்ஃபீல்ட் அதை நம்பவில்லை. ஊர் வாய்க்கு அஞ்சாமல் தன் அனுபவத்தை எழுதி அச்சிட்டார்.

ஆற்றோர மணலில் புதைத்த உடல்களை அன்று இரவே மருத்துவர்கள் தோண்டி எடுத்துப் பங்கிட்டுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் வில்லியம் மேயோ. அவர் எடுத்துப்போன எலும்புக்கூட்டில்தான் அவருடைய மகன்கள் உடற்கூறு படித்தார்கள். அந்தக் குடும்பத்தின் பெயரில் வளர்ந்த மருத்துவமனை 2018-இல் டகோட்டா மக்களிடம் மன்னிப்புக் கேட்டது.

இதே கிறிஸ்துமஸில் ஏறக்குறைய 1,600 டகோட்டாப் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ஸ்னெல்லிங் கோட்டைக்குக் கீழே ஆற்றுப் படுகையில் வேலியடைத்த முகாமில் இருந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் அங்கே நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயில் இறந்தார்கள். மினசோட்டா ஆறும் மிசிசிப்பியும் கூடுகிற அந்த இடம் டகோட்டா மக்கள் தாங்கள் பிறந்த இடமாகப் போற்றும் இடம். இன்று அது மினியாபோலிஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வசந்தத்தில் அவர்களைப் படகில் ஏற்றி மாநிலத்தை விட்டே அனுப்பினார்கள். அடுத்த ஜூலை 3 அன்று, ஹட்சின்சன் ஊருக்கு அருகே மகனோடு பழம் பறித்துக்கொண்டிருந்த லிட்டில் குரோ சுடப்பட்டார். மறுநாள் சுதந்திர தினம். அவர் உடலை ஊருக்குள் கொண்டுவந்து, காதிலும் மூக்கிலும் வெடியைச் செருகிக் கொண்டாடினார்கள். அவருடைய எலும்புகள் அடக்கம் செய்யப்பட 1971 வரை ஆனது. எல்லைப்புறத்துப் பண்டிகைகளைப் பற்றிப் பேசும்போது இந்த ஜூலை 4-ஐயும் பேசத்தான் வேண்டும்.

தேவாலயத்தின் அடித்தளத்தில்

இவ்வளவும் படித்த பிறகு எனக்கு ஒரு கட்டத்தில் அந்தக் கதிர்க்கட்டும் யூலெபுக்கும்கூடக் கசந்துபோயின. யாருடைய நிலத்தில் விளைந்த கதிர் என்று தோன்றிவிட்டால் பிறகு பறவையைப் பார்க்க முடியாது. அந்தக் கசப்போடுதான் நான் இருந்திருப்பேன், ஒரு டிசம்பர் மாலை அந்தச் சிற்றூருக்குப் போகாமல் இருந்திருந்தால்.

ஜிம் மில்லர் என்ற டகோட்டா ஆன்மிகப் பெரியவர், வியட்நாம் போரில் இருந்தவர், 2005-இல் ஒரு கனவு கண்டார். தான் குதிரையில் கிழக்கு நோக்கிப் போவதாகவும், ஓர் ஆற்றங்கரையில் 38 பேர் தூக்கிலிடப்படுவதைப் பார்ப்பதாகவும். மன்கேட்டோவில் நடந்தது அப்போது அவருக்குத் தெரியாது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் கனவிலிருந்து ஒரு குதிரைப் பயணம் பிறந்தது. 2022 வரை ஒவ்வொரு டிசம்பரிலும் தெற்கு டகோட்டாவில் மிசூரி ஆற்றங்கரையில் இருக்கும் லோயர் புரூலில் புறப்பட்டு, சுமார் 330 மைல், பனியிலும் காற்றிலும் குதிரை ஓட்டி, டிசம்பர் 26 காலை பத்து மணி வாக்கில் மன்கேட்டோ வந்து சேருவார்கள். 38-க்கு மேல் இரண்டு பேரையும் சேர்த்தே நினைப்பார்கள். அவர்கள் சாக்பெடானும் வாக்கன் ஓஜான்ஜானும். கனடாவிலிருந்து கடத்திவரப்பட்டு 1865 நவம்பரில் ஸ்னெல்லிங் கோட்டையில் தூக்கிலிடப்பட்டவர்கள்.

வழியில் அவர்கள் தங்கியது பள்ளிக்கூடங்களிலும் சந்தைத் திடல்களிலும் தேவாலயங்களின் அடித்தளக் கூடங்களிலும். சாப்பாடு போட்டது அந்தந்த ஊர்க்காரர்கள். குதிரைகளுக்கு வைக்கோல் கொடுத்தது பக்கத்துப் பண்ணைக்காரர்கள். நான் போன ஊரின் அடித்தளக் கூடத்தில் நீள மேசைகள், அலுமினியத் தட்டுகளில் ஆவி பறக்கும் ஹாட்டிஷ் (இறைச்சியும் காயும் கலந்து அடுப்பில் சுட்ட பதார்த்தம்), ஒரு மூலையில் அடுக்கி வைத்த லெஃப்சா. முகம் வெடித்துச் சிவந்த இளைஞர்கள், பதினைந்து வயதுகூட ஆகாத பிள்ளைகள், குதிரை வாசனையோடு உள்ளே வந்து கையைத் தேய்த்துக்கொண்டே தட்டை எடுத்தார்கள். பரிமாறிய ஒரு பாட்டியிடம் எத்தனை வருடமாக இதைச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் வருடக் கணக்கைச் சொல்லவில்லை. "குளிரில் வருகிற ஆளை நிற்கவைத்துப் பேசக் கூடாது, முதலில் சாப்பிட வைக்க வேண்டும். எங்கள் பாட்டி வீட்டில் கிறிஸ்துமஸ் சமயம் கதவு பூட்டமாட்டார்கள்" என்றார். சற்று நேரம் கழித்து, தன் குடும்பத்திலும் 1862 ஆகஸ்டில் இறந்தவர்கள் உண்டு என்று, உப்பு வேண்டுமா என்று கேட்கிற குரலில், சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விட்டார்.

அந்த இடத்தில்தான் எனக்குள் இருந்தது நகர்ந்தது. பழைய கிறிஸ்துமஸ் வழக்கம் என்று அருங்காட்சியகத்தில் வேடம் போட்டுக் காட்டுகிறார்களே, அது இங்கே வேடமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. பூட்டாத கதவு, குளிரில் வந்தவர்களுக்குச் சாப்பாடு, பாட்டி கைப்பக்குவத்தில் லெஃப்சா. யாருடைய தாத்தாக்கள் யாரிடமிருந்து நிலத்தைப் பிடுங்கினார்கள் என்பது அந்தக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் பரிமாறினார்கள், தெரிந்துதான் சாப்பிட்டார்கள். மன்கேட்டோவின் பெயரை எடுத்தால் பண்டிகை கெட்டுப்போகும் என்ற பயம் அங்கே யாருக்கும் இல்லை. அந்தப் பெயருக்காகவே அந்தப் பண்டிகைச் சாப்பாடு சமைக்கப்பட்டிருந்தது. இதனால் நிலம் திரும்பிவிடாது, நான் அப்படி நினைக்கவும் இல்லை. ஆனால் வரலாற்றை மறைத்துத்தான் வழக்கத்தைக் காப்பாற்ற முடியும் என்று நினைப்பவர்கள் அந்த அடித்தளக் கூடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

மறுநாள் காலை மன்கேட்டோவில், தூக்குமேடை நின்ற இடத்துக்கு அருகே இருக்கும் சமாதானப் பூங்காவில் நின்றிருந்தேன். கழுகு இறகு கட்டிய கோலை ஏந்தியவர் முன்னால் வர, குதிரைகள் வரிசையாக வந்தன. 38 பெயர்களையும் வாசித்தார்கள். அதே பெயர்கள் 2012-இல் வைத்த நினைவுச்சின்னத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதற்கு முன் அந்த ஊரில் வேறொரு கல் இருந்தது. 1912-இல் வைத்தது, 38 சூ இந்தியர்கள் (டகோட்டா மக்களுக்கு வெள்ளையர் வைத்த பெயர்) இங்கே தூக்கிலிடப்பட்டார்கள் என்று மட்டும் சொல்லும் கல், ஒரு பெயர்கூட இல்லாமல். 1971-இல் அதை எடுத்துவிட்டார்கள், இப்போது எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. பெயரில்லாத கல் போய்ப் பெயர்கள் வந்ததற்கு நூறு ஆண்டு ஆகியிருக்கிறது.

நியூ உல்ம் ஊரின் மணிக்கோபுரத்தில், வருடம் முழுக்கச் சுழலும் ஊர் வரலாற்றுப் பொம்மைகளை எடுத்துவிட்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் இயேசு பிறப்புக் காட்சியை வைக்கிறார்கள். அழகாக இருக்கும், நான் பார்த்திருக்கிறேன். திறந்தவெளி அருங்காட்சியகங்களிடம் நான் கேட்பது அதற்கு நேர்மாறான ஒன்று. பிறப்புக் காட்சியும் இருக்கட்டும், வரலாறும் இருக்கட்டும். மரவீட்டின் ஒரு சுவரை அந்தப் பத்து நாட்களுக்குக் கொடுங்கள். லிங்கன் கைப்பட எழுதிய பட்டியல், சாரா வேக்ஃபீல்ட் அச்சிட்ட வாக்குமூலத்தின் ஒரு பக்கம், ஃப்ரீமன் கொடுத்த நில விண்ணப்பம், கயிறு கட்டிய பொம்மையோடு நாஸ்டின் சான்டா. பட்டியல் மினசோட்டா வரலாற்றுச் சங்கத்தில் இருக்கிறது, விண்ணப்பம் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. எல்லாம் காப்புரிமை முடிந்தவை, பிரதி எடுத்துச் சட்டம் போட ஒரு மாலை போதும். அந்தச் சுவருக்கு எதிரே லெஃப்சாவைச் சுடுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்டால், கல்லிலிருந்து கையை எடுக்காமலே பதில் சொல்லலாம்.